முடிந்த பிறகு வந்த அழைப்பு

நிரல் முடிந்த பிறகும் ஓர் அழைப்பு வந்திருந்தது.

ஜோதிமணி முதலில் அதைத் தன் கண்ணின் பிழை என்றுதான் எடுத்துக்கொண்டாள். யாதவகிரியில் நாகலிங்க மரத்தடியில் நிற்கிற அந்தப் பழைய பங்களாவின் பின்னறையில், எந்தக் காலத்திலோ யார் வீட்டு அரிசி மூட்டைகளையோ அடுக்கி வைத்திருந்த அறையில், இப்போது கம்பெனியின் சோதனைக் கணினி ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. ஆஷாட மாதத்துத் தூறல் ஜன்னல் கண்ணாடியின் புழுதியைக் கரைத்துக் கோடு கோடாக இறக்கிக்கொண்டிருக்க, சுவரில் ஊறிப்போன பழைய சாக்கின் மணமும் கணினிக்குள் சூடேறிய தூசியின் மணமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டியது. அவள் எழுதிய சின்னஞ்சிறு சோதனை நிரல் இரண்டு எண்களைக் கூட்டி, விடையைக் காட்டி, 'முடிந்தது, போகிறேன்' என்று தன் கடைசி அழைப்பையும் விடுத்துப் போய்விட்டது. அதற்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் ஒரு வரி இருந்தது. பட்டியலிலேயே இல்லாத ஓர் எண்ணைச் சொல்லி, எதுவோ எதையோ கேட்டிருந்தது. லைப்ரரி வழக்கம்போல 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் சொல்லியிருந்தது.

அவள் வேலை என்னவென்று அவள் கணவன் மதனுக்கே புரிய வைக்கச் சிரமப்பட்டிருக்கிறாள். கணினிக்குள் ஓடும் எந்த நிரலும் தானாக ஒன்றும் செய்துகொள்ளாது. படிக்க, எழுத, திறக்க, மூட, கொஞ்சம் பொறுத்திருக்க என்று எல்லாவற்றுக்கும் இயங்குதளத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். ஆஸ்பத்திரிக் கணக்கு, நோயாளி விவரம் மாதிரி ரகசியமானவற்றை வைத்திருக்கும் நிரல்களை, வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து ஓட்டுவார்கள். அந்தப் பெட்டிக்குள் நிஜமான இயங்குதளத்துக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக இவர்கள் எழுதிய லைப்ரரி ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டு, நான்தான் இயங்குதளம் என்று பாவனை செய்து, நிரல் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் எண், எண்களுக்கு ஒரு பட்டியல். பட்டியலில் எழுதாததைக் கேட்டால் 'இல்லை' என்று சொல்லிவிடும். தேவைப்படுகிற புது அழைப்புகளைப் பட்டியலில் சேர்த்து, அவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவதுதான் ஜோதிமணியின் வேலை.

"அப்ப நீ வாசக் காவலாளி," என்றான் மதன், இதையெல்லாம் கேட்டுவிட்டு. "யாரு என்ன கேட்டா குடுக்கறது, என்ன கேட்டா தொரத்தறதுன்னு நீ முடிவு பண்ற."

"அப்படித்தானுங்க," என்று சிரித்தாள் அவள்.

இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஸுமந்த். மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், நிதானமான மனிதர், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் பகலில் வேலைக்கு நடுவில் நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். "ஓவர் வொர்க், அஷ்டே, அவ்வளவுதான்," என்று மேனேஜர் நஞ்சுண்டசாமி அதோடு முடித்துக்கொண்டு, அவர் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார்.

நிரலை மறுபடி ஓட்டினாள். அது கூட்டியது, சொன்னது, போனது. கொஞ்ச நேரம் திரை அசையவில்லை. பிறகு, காலியான வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல, அந்த வரி வந்து விழுந்தது. அதே எண், அதே 'இல்லை'.

ஏதோ நினைவகக் குப்பை என்று நினைத்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் படியிறங்குகிறவளைப் போல, தனக்குத் தெரிந்த காரணங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எதுவும் பிடி கொடுக்கவில்லை. செத்த நிரல் கேட்காது. அது போன பிறகு பெட்டிக்குள் யாரும் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அழைப்பு கையோடு எதையாவது கொண்டு வருகிறதா என்று பார்ப்பதற்காகப் பதிவு செய்யும் இடத்தில் ஒரு வரி சேர்த்தாள்.

அது ஓர் எழுத்துச் சரத்தைக் கொண்டு வந்திருந்தது. தமிழ் எழுத்து. முழு நிரல்தொகுப்பிலும் ஓர் இடத்தில்கூடத் தமிழ் எழுத்துக் கிடையாது.

ஸுமந்த்.

அவ்வளவுதான். ஒரு பெயர். கூப்பிடுகிற பெயர். பின்னால் நாகலிங்கக் காய் ஒன்று தகரக் கூரையில் விழுந்த சத்தத்துக்கு அவள் நாற்காலியோடு துள்ளிவிட்டாள்.

ஸுமந்தின் கைபேசியை எடுத்தது அவர் மனைவி ஸுப்ரஜா. விஷயத்தைச் சொல்லாமல், வேலையில் ஒரு சந்தேகம், சாரிடம் கேட்கலாமா என்று மட்டும் கேட்டாள் ஜோதிமணி. "ஆத்துக்கு வந்துட்டுப் போங்கோ. யாராவது வந்தா எனக்கும் தேவலை," என்றாள் ஸுப்ரஜா.

சரஸ்வதிபுரத்தில் தென்னை நின்ற சின்ன வீடு. உள்ளே சாம்பிராணி மணமும் மாத்திரை மணமும். கூடத்தில் கால் வைத்ததுமே உள்ளறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"இல்லை."

ஸுப்ரஜா திரும்பிப் பார்க்கவில்லை. காபி டம்ளரை நீட்டியபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தூக்கமே கிடையாது. டாக்டர் குடுத்த மாத்திரை ஒண்ணும் கேக்கலை. கண்ணு சொக்கறது, உடனே துள்ளி எழுந்துண்டு சொல்றார். மொதல்ல நான் கேக்கறதுக்குத்தான் சொல்றார்னு நெனச்சேன். காபி வேணுமா, இல்லை. பசிக்கறதா, இல்லை. அப்புறந்தான் தெரிஞ்சுது, ஜோதிமணி. அது எனக்குச் சொல்ற பதில் இல்லை."

உள்ளே ஜன்னலோரத்து நாற்காலியில் ஸுமந்த் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கரி அப்பியது போல இருந்தது. ஜோதிமணி மடிக்கணினியைத் திறந்து, அலுவலகக் கணினியின் பதிவைத் திரையில் கொண்டுவந்தாள். அவரிடம் காட்டத்தான் திறந்தாள். காட்ட வேண்டியிருக்கவில்லை. திரையில் அந்த வரி விழுந்தது. அதே நொடியில் அவர் உதடு அசைந்தது.

"இல்லை."

தற்செயல் என்று காத்திருந்தாள். சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. வெளியே யாரோ சைக்கிளில் பூ விற்றுக்கொண்டு போனார்கள். வரி விழுந்தது.

"இல்லை."

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

"சார், அந்த நம்பர் நீங்க சேர்த்ததுங்களா?"

"நான் சேர்க்கலை," என்றார் ஸுமந்த். வறண்ட குரல், ஆனால் தெளிவாக இருந்தது. "கேட்டுண்டே இருக்கு. லைப்ரரி இல்லைங்கறது, நானும் இல்லைங்கறேன். ரெண்டு பேரும் சொன்னாத்தான் போறது."

"என்னத்தைக் கேக்குதுங்க?"

அவர் முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீருக்குள் மூச்சடக்கிக்கொண்டிருப்பவனின் கண்கள்.

"எல்லாத்தையும்."

"நீங்க சொல்றதை நிறுத்திட்டா?"

"இல்லை," என்றார்.

அது தனக்குச் சொன்ன பதிலா, அதற்குச் சொன்ன பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசல் வரை வந்த ஸுப்ரஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. "நீங்க கம்ப்யூட்டர் படிச்சவா. அந்த மிஷின்லேர்ந்துதான் வந்துதுன்னா அதை அங்கயே ஏதாவது பண்ண முடியாதா? ஒரு ராத்திரி தூங்கினாப் போறும். ஒரே ஒரு ராத்திரி. இப்படியே போனா இவர் இருக்க மாட்டார்."

அன்று சாயங்காலம் மதன் ராகிக் களி முத்தையை உருட்டிச் சாற்றில் தோய்த்தபடியே அவள் முகத்தைப் பார்த்தான். "ஏம்புள்ள, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?"

பாதியைச் சொன்னாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதைச் சொன்னாள். மதன் சிரிப்பான் என்று நினைத்தாள், அவன் சிரிக்கவில்லை.

"எங்கூர்ல ஒரு காலத்துல கதவுல எல்லாம் எழுதி வெச்சிருப்பாங்களாமா, கன்னடத்துல, 'நாளெ பா'ன்னு. நாளைக்கு வான்னு. பொழுதெறங்குனா ஒண்ணு வந்து, வீட்டு ஆளுக கொரல்லயே பேரு சொல்லிக் கூப்புடுமாம். எழுத்தைப் படிச்சுட்டு, சரி நாளைக்கு வரலாம்னு போயிருமாம். மறுநாளு வந்தாலும் அதேதான் எழுதியிருக்கும். இல்லை இல்லைன்னு மல்லுக்கு நிக்கறதுக்கு, நாளைக்கு வான்னு தன்மையாச் சொல்லி அனுப்பறது லேசு பாரு."

ஜோதிமணி கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தாள்.

இயங்குதளங்கள் சொல்லும் பதில்களில் அப்படி ஒன்று உண்டு. 'இல்லை' அல்ல, 'ஆகட்டும்' என்பதும் அல்ல. 'இப்போது முடியாது, பிறகு வா' என்று ஒரு பதில். நாகரிகமான நிரல்கள் அதைக் கேட்டுக்கொண்டு விலகிப் போய், பொறுத்திருந்து வரும்.

மறுநாள் காலையில் அதைச் சேர்த்தாள். கஷ்டமான வேலை இல்லை. பட்டியலில் அந்த எண்ணுக்கு ஓர் இடம். அது கேட்டால் ஓட வேண்டிய செயல், ஒரே வரியில். அந்த வரியில் ஒரே பதில். விசையை அழுத்தினாள். சோதனை நிரல் ஓடி முடிந்தது. அவள் காத்திருந்தாள். கணினியின் காற்றாடி இரைந்தது. வரி விழுந்தது. *ஸுமந்த்.* பதில்: பிறகு வா.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. தூறல் ஓய்ந்து, சாமுண்டி மலையை மூடியிருந்த மேகம் விலகிப் பச்சை தெரிந்தது. அப்போதும் வரவில்லை.

மத்தியானம் ஸுப்ரஜா கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாகக் குரல் குழறியது. "தூங்கிட்டார்! உக்காந்தபடியே தலை சாஞ்சுடுத்து. கட்டில்ல படுக்க வெச்சேன். கொறட்டை விடறார், கேக்கறதா?" கைபேசியை அவர் வாயருகே பிடித்தாள் போலிருக்கிறது. ஒரு மனிதன் ஆழ்ந்து மூச்சுவிடும் சத்தம் ஜோதிமணியின் காதுக்குள் ஏறி இறங்கியது. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

அந்தத் தெம்பில், ஆஸ்பத்திரி நிரலுக்குத் தேவைப்பட்ட மிச்ச அழைப்புகளையும் உட்கார்ந்து எழுதி முடித்தாள். அதில் ஒன்றை மட்டும் ஸுமந்த் கடைசிவரை எழுதாமலே விட்டு வைத்திருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், தன்னைப் போலவே அச்சாக இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும் அழைப்பு. ஃபோர்க் என்பார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டுக்கும் ஒரே நினைவு, ஒரே பெயர், எது முதலில் இருந்தது என்று அவற்றுக்கே தெரியாது. மூடிய பெட்டிக்குள் அதைச் செய்வது சிக்கலான வேலை, அதனால்தான் விட்டிருப்பார் என்று அவள் நினைத்தாள். நன்றாகவே எழுதினாள். முதல் முயற்சியிலேயே வேலை செய்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நஞ்சுண்டசாமி கூப்பிட்டார். "ஜோதிமணி, நாளைக்கு ஆஸ்பத்திரி டெமோ. எல்லாம் ரெடிதானே, அல்வா? ஒருதடவை போய் நோடிபிடி, பாத்துடுங்க."

பங்களாவில் யாரும் இல்லை. மழை வலுத்துப் பகலே மங்கிக் கிடந்தது. பின்னறைக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றாள். கணினியின் காற்றாடி முழு வேகத்தில் கத்திக்கொண்டிருந்தது. பாரம் இழுக்கும் மாட்டின் மூச்சைப் போல. அவள் எதையும் ஓட்ட வைத்துவிட்டுப் போகவில்லை.

திரையை எழுப்பினாள். பதிவு நீண்டு கிடந்தது. காலையிலிருந்து.

*படி: வாசல் பெயர்ப்பலகை. சரி.*

*எழுது: கண்ணாடியில், விரலால். சரி.*

*திற: வாசற்கதவு. சரி.*

*மூடு: வாசற்கதவு. சரி.*

*திற. சரி. மூடு. சரி. திற. மூடு. திற.*

அவள் உட்காரவில்லை. நின்றபடியே படித்தாள். இது பட்டியலின் வரிசை. பட்டியலின் முதல் எண்ணிலிருந்து, ஒன்றுவிடாமல், ஒவ்வொன்றாக எதுவோ செய்து பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக வாடகைக்கு வந்தவன் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்ப்பது போல. கதவும் கண்ணாடியும் பெயர்ப்பலகையும் எந்தக் கணினிக்குள்ளும் கிடையாது. பிறகு வா என்று அவள் அனுப்பி வைத்தது, 'இல்லை' சொல்ல ஆளில்லாத நேரத்தில் திரும்பி வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருந்தது அவளுடைய லைப்ரரி. சரி. சரி. சரி.

ஸுப்ரஜாவைக் கூப்பிட்டாள்.

"நன்னா எழுந்துண்டார்," என்றாள் ஸுப்ரஜா. குரலில் நேற்றைய சந்தோஷம் இல்லை. எதன்மேலோ கண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறவளின் குரல். "இல்லைங்கறதே இல்லை இப்போ. ஆனா... கார்த்தாலேர்ந்து வாசக்கதவைத் திறக்கறார், மூடறார். திறக்கறார், மூடறார். கேட்டா சிரிக்கறார். கண்ணைச் சிமிட்டவே இல்லை, ஜோதிமணி. நான் பாத்துண்டே இருக்கேன். ஒரு தடவைகூட."

கைபேசியில் கேட்டது. கிறீச். டப். கிறீச். டப்.

திரையில், *திற. சரி. மூடு. சரி.*

ஜோதிமணி கீழே குனிந்து, சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். காற்றாடி இளைத்து நின்றது. திரை கறுத்தது. அந்த அமைதியில் மழை மட்டும். கைபேசியை மறுபடி காதில் வைத்தாள்.

கிறீச். டப்.

"அக்கா." தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "அக்கா, வீட்டை விட்டு வெளிய வந்துருங்க. இப்பவே."

"எதுக்கு? இப்போ கதவை விட்டுட்டார். வந்து என் எதுக்க உக்காந்துண்டிருக்கார். அசையாம உக்காந்திருக்கார்."

பொறு. அதுவும் பட்டியலில் உண்டு. திறப்பது, மூடுவது, பார்ப்பது, பொறுத்திருப்பது. அதற்கப்புறம் வரிசையாக மற்றவை. அதற்கும் கீழே, பட்டியலில் இன்னும் கொஞ்சம் இறங்கினால், 'கொல்' என்று ஒன்று உண்டு. எல்லா இயங்குதளத்திலும் உண்டு. அதுவரை மனத்தை விடாமல் இழுத்துப் பிடித்தாள்.

"அக்கா, சொல்றதைக் கேளுங்க. செருப்புப் போடாட்டியும் போச்சாதுங்க. எந்திரிச்சு வெளிய..."

"இருங்கோ. பாத்ரூம்ல குழாய் ஓடறது. இவர்தான் திறந்திருக்கார்." ஒரு பெருமூச்சு. பிறகு, மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: "ஆனா... இவர் இங்க என் எதுக்க உக்காந்திருக்காரே."

தொடர்பு அறுந்தது.

ஸ்கூட்டரில் எப்படிப் போனாள் என்று அவளுக்கு நினைவில்லை. மழைத் தண்ணீர் கண்ணை மறைத்தது. வழியில் ஒரு பஸ்ஸின் சக்கரத்தை உரசிக்கொண்டு போனதும் டிரைவர் கத்தியதும் எங்கோ தூரத்தில் நடந்தது போலிருந்தது. மதனுக்கு ஒரு தடவை அடித்தாள். நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான், எடுக்கவில்லை. எடுக்காததே நல்லது என்று தோன்றியது. இன்னொரு ஆளை அங்கே கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

சாயங்காலம் ஆகவில்லை. ஆனாலும் சரஸ்வதிபுரத்தில் தெருவிளக்கு எரிந்தது. தென்னை மழையில் ஆடியது. வீட்டு கேட் திறந்து கிடந்தது.

வாசற்கதவு திறந்தது. மூடியது. திறந்தது.

திறந்தபோது உள்ளே ஸுமந்த் தெரிந்தார். கைப்பிடியில் கை. நீலக் கட்டம் போட்ட சட்டை. அவளைப் பார்த்தார். சிரித்தார். கதவை மூடினார்.

கூடத்து ஜன்னலில் திரை விலகியது. விலக்கியவரும் ஸுமந்த். நீலக் கட்டம்.

ஜோதிமணியின் கால் மண்ணில் புதைந்தது. பின்னால் போகச் சொல்லியது உடம்பு. ஸுப்ரஜா உள்ளே இருக்கிறாள். முன்னால் போனாள். ஒரு அடி. இன்னொன்று.

கதவு திறந்தது. அவள் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கதவைப் பிடித்திருந்த கை அவள்மேல் பட்டது. சில்லென்று இல்லை. சூடாக இருந்தது. சாதாரண மனிதச் சூடு. அதுதான் அவளை அலற வைத்தது.

அலறலுக்கு யாரும் திரும்பவில்லை.

சோபாவில் ஒருவர். பொறுத்திருந்தார். புத்தக அலமாரியின் முன்னால் ஒருவர், எழுத்துக்கூட்டி, குழந்தையைப் போலப் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஒருவர் குழாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியின் முன்னால் ஒருவர், ஆவி படிந்த இடத்தில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே சட்டை. ஒரே ஒட்டிய கன்னம். ஒரே சிமிட்டாத கண்.

உள்ளறைக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். பக்கத்தில் இன்னொருவர். முதுகோடு முதுகு. இரண்டு பேரும் ஆழ்ந்து மூச்சுவிட்டார்கள்.

"சார்?" என்றாள். காற்றுதான் வந்தது.

சோபாவில் இருந்தவர் எழுந்தார். எழுந்த இடத்தில் ஒருவர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

ஃபோர்க் அழைப்புக்கு வரம்பு ஒன்றும் போடவில்லை அவள். அழகாக எழுதியிருந்தாள், முதல் முயற்சியிலேயே வேலை செய்தது. எத்தனை வரை போகலாம் என்று எந்த வரியிலும் எழுதவில்லை. அப்படி விட்டால் என்ன ஆகும் என்று இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்று இரண்டாகும். இரண்டு நாலாகும். இடம் தீரும் வரை.

சுவரோரமாக அசைவு தெரிந்தது. ஸுப்ரஜா.

அவள் ஓடவில்லை. புடவைத் தலைப்பு தரையில் இழுபட, கண்ணாடியின் முன்னால் நின்றவரிடம் போனாள். இரண்டு கையாலும் அவர் முகத்தை ஏந்தினாள். காதுக்குப் பின்னால் தடவினாள். நெற்றியைத் தொட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தெரிந்த முகம்.

"நீங்கதானா?" என்றாள், கெஞ்சுகிற குரலில்.

"நான்தான்," என்றார் அவர், அன்பாக.

ஸுப்ரஜா தலையை ஆட்டினாள். கையை எடுத்தாள். அலமாரியின் முன்னால் நின்றவரிடம் போனாள். முகத்தை ஏந்தினாள்.

"நீங்கதானா?"

"நான்தான்."

"அக்கா," என்றாள் ஜோதிமணி. "அக்கா, வாங்க. என்கூட வந்துருங்க."

ஸுப்ரஜா அவளைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. ஆனாலும் வர மறுத்துத் தலையசைத்தாள். "இவாள்ல ஒருத்தர் அவர்தானே," என்றாள். "விட்டுட்டு எப்படி வருவேன்?"

மின்சாரம் போனது.

இருட்டில் குழாய் திறந்தது, மூடியது. கதவு திறந்தது, மூடியது. ஈரக் காலடிகள். கூடத்தில், பிறகு வாசலில், பிறகு கேட்டுக்கு வெளியே. தெருவில் எதிர்வீட்டுக் கதவு கிறீச்சிட்டது. அதற்கடுத்த வீட்டுக் கதவும். ஜோதிமணியின் தோளை உரசிக்கொண்டு ஒருவர் போனார். இன்னொருவர். இன்னொருவர். ஒவ்வொருவரும் சூடாக, சோப்பு மணத்தோடு, மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

அவர்களுக்கு நடுவே, ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு, ஸுப்ரஜாவின் குரல் மழைக்குள் தூரமாகிக்கொண்டே போனது.

"நீங்கதானா?"

"நான்தான்."

"நீங்கதானா?"

"நான்தான்."